நீ சேவ் பண்ணிக்கொண்டிருந்த நேரம்

மகன் இல்ஹாமுக்கு உம்மாவின் ஸலாம். சுகம் விசாரித்து இதை எழுதவில்லை. நீ சுகமாக இல்லை என்பதை உனக்கு நிச்சயித்த பெண்ணே இங்கே வந்து, நான் ஊற்றிக் கொடுத்த பிளேன்டியைக் குடித்து, என் முன்னாலேயே அழுது சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போனில் பேசலாம் என்று பார்த்தேன். நான் வாயைத் திறந்ததும் "சரி உம்மா, மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். நேரில் சொல்லலாம் என்றால் என் வாய் எனக்கே அடங்காது. ஏசத் தொடங்கினால் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். கடிதத்தையும் நீ பாதியில் மடித்து வைப்பாய், தெரியும். ஆனால் வைத்த இடத்தில் அது கிடக்கும். இரண்டு நாள் பொறுத்து நீயே எடுத்து மிச்சத்தையும் வாசிப்பாய். உன்னைப் பெற்றவள் நான்.

ரிஸ்னா சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸில் வந்தாள், தாயையும் கூட்டிக்கொண்டு. தாய் வாசலில் கிடந்த கதிரையில் உட்கார்ந்து, மகள் பேசி முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நல்ல பிள்ளைதான், அதைச் சொல்லாமல் விட மாட்டேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்றாலும் தலைக்கனம் இல்லை. கொண்டுவந்த மஸ்கட் இனிப்பை என் கையில் தராமல் நேரே குசினிக்குள் போய் வைத்தாள். ஆனால் வந்த காரியம் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமி, அவர் நிக்காஹ்வ நிப்பாட்டச் சொல்றார்," என்றாள்.

"ஏனாம்?"

"'நான் ஒரு புள்ளட ஊட்டத் திண்டவன், இன்னொரு புள்ளட ஊட்டுக்க எப்பிடிப் போறது' எண்டு கேக்கிறார் மாமி. எனக்கு என்ன சொல்றதெண்டே தெரியல்ல. நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். 'ராத்தா மௌத்தானது ஒன்னால இல்ல' எண்டு. ஒங்கட வாயால கேட்டா அவர் வந்துருவார்."

"ஒனக்கு மாப்பிள வேணும் எண்டதுக்கு நான் பொய் சொல்லணுமாகா புள்ள?" என்று கேட்டேன். வாசலில் இருந்த தாய்க்கும் அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். ரிஸ்னா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொய் எண்டாலும் பரவாயில்ல மாமி," என்றாள். எனக்கு அந்த இடத்தில் அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் சொல்ல முடியாது என்றுதான் அனுப்பினேன். ஏன் முடியாது என்பதை உனக்கு எழுதுகிறேன். அவளுக்கு வாசித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

உனக்குத் தெரிந்த சங்கதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தெரிந்ததை நீ ஒருநாளும் ஒழுங்காக யோசித்ததில்லை. நம் பக்கத்தில் ஆண்பிள்ளை போகிறவன். நிக்காஹ் முடிந்தால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். பெண்பிள்ளைதான் இருக்கிறவள். அவளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்த வளவுக்குள்ளேயே ஓர் அறையில் தாயும் தகப்பனும் கடைசிக் காலத்தைப் பார்த்துக்கொள்வார்கள். உன் வாப்பா கட்டாரில் லொறி ஓட்டியது உனக்குச் சோறு போட என்றா நினைத்தாய்? சோற்றுக்கு அவருடைய மீன்கடையே போதும். அவர் போனது உன் ராத்தா, என் மூத்த மகள் ஸிஹானாவின் வீட்டுக்குக் கல் அடுக்க. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், நம் பழைய வீட்டை ஒட்டியே அந்த வீடு எழும்பியது. சுவர் எழும்பி, மேல்மாடிக்குப் படியும் கொங்கிறீட் போட்டாகிவிட்டது, மாடிதான் இல்லை. "மேல ஒண்டுமில்லாத படி உம்மா, வாற மாப்பிளய அதுல ஏத்தி உட்டுட்டுக் கீழ நிண்டு சிரிக்கிறன்" என்பாள். அந்த வாய் என் வாய்தான். உனக்கு உன் வாப்பாவின் வாய், கேட்டதற்குப் பாதி பதில்.

ஆக எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று என்னோடு இருக்கப் பிறந்தது, மற்றது எப்படியும் போகப் பிறந்தது. கடல் வந்து இருக்கிறதைக் கொண்டுபோன பிறகு மிஞ்சியது போகப் பிறந்ததுதான். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் உன் சாறனைத் துவைத்துக் காயப்போடும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த நினைப்பு வந்தது. நீ அதை என் முகத்தில் பார்த்திருப்பாய். பார்க்காதவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு தின்றுவிட்டு எழும்பிப் போவாய்.

அந்த விளையாட்டைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. "டீவி கேம் அடிச்சிக்கிட்டு இரிந்தானாம்" என்று ஊர் ஒரு வரியில் முடித்துவிடும். ஊருக்கு என்ன தெரியும்? அதை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் ஸிஹானாதான். ஓ.எல். சோதனை எழுதிவிட்டுக் கல்முனை டவுனில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனாளே, அங்கே படிப்பிக்கிற சேர் வெளியே போன நேரத்தில் பிள்ளைகள் ஒளித்து விளையாடுவார்களாம். வாள் பிடித்தவன் ஒருத்தன், வில் பிடித்தவள் ஒருத்தி, மந்திரக்காரன் ஒருத்தன். ஆளைத் தெரிந்தெடுத்துப் பேர் வைத்து, குகை குகையாக இறங்கிப் பேயையும் எலும்புக்கூட்டையும் வெட்டி, விழுகிற காசைப் பொறுக்கி மருந்தும் கவசமும் வாங்கி, வெட்ட வெட்ட நம் ஆளுக்குப் பலம் கூடுகிற விளையாட்டு. சோற்றைப் பிசைந்துகொண்டே உனக்கு அதைக் கதையாகச் சொல்லுவாள். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்பாய், கையில் எடுத்த கவளம் கையிலேயே காயும். அந்த முறை லீவில் வந்த வாப்பா, டீவியில் பூட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றை உனக்குக் கொண்டுவந்தார். நீ அன்றைக்கே டவுனுக்கு ஓடி, அதே விளையாட்டை அந்தப் பெட்டிக்கென்று மாற்றிச் செய்த சீடியைத் தேடி வாங்கி வந்தாய். வாங்கி வந்தது அவளுக்காகத்தான். உனக்கு அவள் சொன்ன கதைக்குள்ளே அவளோடு போக வேண்டும் என்று ஆசை.

அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. "மௌஸும் இல்ல ஒண்டும் இல்ல, இந்தப் பட்டன அமத்தி அமத்திப் பெருவிரல் வீங்குது" என்று ஜொய்ஸ்டிக்கைத் தூக்கி எறிந்தாள். பிறகு இரண்டு பேரும் பாயை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் உலக்கையால் இடித்தாலும் எழும்ப மாட்டீர்கள். நீ வாள், அவள் வில். கொம்பியூட்டரில் இருந்ததற்கும் பெட்டியில் இருந்ததற்கும் இரண்டு வித்தியாசம் இருந்தது, இரண்டையும் நான் பிற்பாடுதான் படித்தேன். கொம்பியூட்டரில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு திரை, யாரும் எங்கேயும் போகலாம். பெட்டியில் இரண்டு பேருக்கும் ஒரே டீவி, ஒரே படம். ஒருத்தர் பின்னால் நின்றுவிட்டால் மற்றவர் முன்னால் போக முடியாது, படம் நகராது. மற்றது, கொம்பியூட்டரில் நினைத்த இடத்தில் சேவ் பண்ணலாம். பெட்டியில் குகைக்குள்ளே அங்கங்கே நிற்கிற நீலக் கல்லுக்குக் கிட்டப் போனால் மட்டும்தான் சேவ் பண்ணலாம். அந்தக் கல்லுக்குப் போகுமுன் கரண்ட் போனால், செத்தால், எழும்பிவிட்டால், வெட்டியதெல்லாம் வீண். "இந்தா வாறன் உம்மா, கல்லுக்கிட்ட போயிட்டு" என்று நீ சொல்லாத நாள் இல்லை. சோற்றுக்குக் கூப்பிட்டாலும் அதுதான், ஓதப் போகச் சொன்னாலும் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. நீ பாதியைத்தான் கண்டாய். அவள் அன்றைக்கு உன்னோடு விளையாடவில்லை, கிணற்றடியில் என்னோடு நின்று உடுப்புக் கும்மிக்கொண்டிருந்தாள். நீ தனியாகத்தான் இருந்தாய். முதலில் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு இரைச்சல். பிறகு ஒழுங்கையில் ஆட்கள் ஓடி வந்தார்கள். "கடல் வருது, கடல் வருது" என்றால் யாருக்கு விளங்கும்? கடல் எங்கே வரும்? ஓடிவந்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. ஸிஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்துவிட்டேன். வரும்போதே உன்னைக் கத்திக் கூப்பிட்டேன். நீ உள்ளேயிருந்து பதில் சொன்னாய். உன் குரல் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது, பயமில்லாத குரல், கொஞ்சம் எரிச்சலோடு: "சேவ் பண்ணிட்டு வாறன் உம்மா!"

நான் மறுபடியும் கத்தினேன். நீ வரவில்லை. அப்போது ஒழுங்கையின் மூலையில் தண்ணீர் தெரிந்தது. கறுப்பாக, முன்னால் பலகையும் தகரமும் தள்ளிக்கொண்டு வந்தது. ஸிஹானா என் கையை இழுத்தாள். நான் விடவில்லை. "உடுங்க உம்மா, அவன் சேவ் பண்ணாம எழும்ப மாட்டான். எனக்குத் தெரியும். நான் இழுத்துட்டு வாறன்," என்றாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் என் கையை உதறினாள். அவளைப் பெற்று வளர்த்த எனக்கு அவள் கையில் அவ்வளவு பலம் இருக்கிறதென்று அதுவரை தெரியாது. உள்ளே ஓடிவிட்டாள். என்னை ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள், பிறகு தண்ணீர் தள்ளிக்கொண்டு போனது. மெயின் வீதிக்குப் பக்கத்தில் ஒரு மதிலில் மோதிக் கிடந்தேன்.

மிச்சத்தை நீதான் எனக்குச் சொன்னாய். சொன்ன பிறகு இன்றுவரை திருப்பிச் சொல்லவில்லை. நீ கல்லுக்குக் கிட்டப் போய்விட்டாய், திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் வந்து உன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினாள். நீ அவளை அடித்தாய். "பொறு ராத்தா, முடியப்போகுது" என்று கையைத் தட்டிவிட்டாய். அவள் உன்னை இழுத்துக்கொண்டு பின்கதவால் வந்து, புது வீட்டுப் படியில் உன்னை ஏற்றி முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். நீ மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது படியின் அடியில் தண்ணீர்தான் இருந்தது. அவள் இல்லை. மாடி இல்லாத அந்தப் படியின் உச்சியில் நீ பின்னேரம்வரை இருந்தாய். சம்மாந்துறையிலிருந்து உழவு மெஷின் கொண்டு வந்தவர்கள்தான் உன்னை இறக்கினார்கள். அவளுடைய ஜனாஸாவை முகம் பார்த்து என்னால் அடையாளம் காண முடியவில்லை, காதிலிருந்த தோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், அவர்கள்தான் உன்னைக் கெடுத்தார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை, ஈமான் உள்ளவள் எவளும் சொல்ல மாட்டாள். ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் உன் தலையில் தடவி எண்ணெய் மாதிரித் தேய்த்தார்கள். "தம்பி, ஒன்னால ஒண்டுமில்ல, கடலுக்குக் கண் இரிக்கா?" என்று பெரியவர்கள் வரிசையாக வந்து சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டியதும் "அந்த டீவி கேமாலதான் புள்ள போச்சு" என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். முகாமில் தகரக் கொட்டிலில் இருந்தபோது கொழும்பிலிருந்து ஒரு பெண் கலர் பென்சிலோடு வந்து உன்னைக் கடல் வரையச் சொன்னாள். நீ நீலக் கல் வரைந்தாய். "மிச்சம் அழகான கடல்" என்று மெச்சிவிட்டுப் போனாள் அந்தச் சீமாட்டி. உனக்கு எல்லோரும் பொய் சொன்னார்கள், அன்பாகச் சொன்னார்கள். நீயும் அதை நம்பாமல் வாங்கி வைத்துக்கொண்டாய். நான் மட்டும் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கு எல்லோரையும் விட்டுவிட்டு என்னிடம் ஆள் அனுப்புகிறாய்.

நமக்கு உள்ளே வயல் பக்கம் வீடு கிடைத்த பிறகு, வாப்பா லீவில் வந்தார். கையில் மறுபடியும் அதே பெட்டி! பழையது கடலோடு போனது போதாதென்று, பிள்ளை பேசாமல் இருக்கிறான், சந்தோஷப்படட்டும் என்று வாங்கி வந்தாராம் மனுஷன். நான் அவரை ஏசிய ஏச்சு அந்த வீட்டுத் திட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். நீயோ அதே விளையாட்டின் சீடியை எங்கேயோ தேடி எடுத்து வந்தாய். இரண்டு ஜொய்ஸ்டிக்கையும் பூட்டினாய். வாள் பிடித்தவனுக்கு உன் பேரை வைத்தாய். வில் பிடித்தவளுக்கு அவள் பேரை வைத்தாய். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும் என்பதை மறந்துவிட்டாய். குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஒரு ஜொய்ஸ்டிக் உன் கையில், மற்றது பாயில், அதைக் கால் விரலால் தள்ளித் தள்ளி அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். நீ நாலு அடி போவாய், நின்று காலால் அவளை நாலு அடி நகர்த்துவாய். சுவரில் முட்டிக்கொண்டு நிற்பாள். பேய் அவளை வெட்டும். நீ ஓடிவந்து பேயை வெட்டுவாய்.

நான் வந்து பாயில் உட்கார்ந்தேன். "தா அத," என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை! கால் பட்ட ஜொய்ஸ்டிக்கைச் சாறனில் துடைத்துத் தந்தாய். எந்தப் பட்டன் வில்லுக்கு, எந்தப் பட்டன் மருந்து குடிக்க என்று காட்டித் தந்தாய். மாதர் சங்கத்துப் பெண்டுகள் கண்டால் சிரித்துச் செத்திருப்பார்கள், முக்காடு போட்ட பொம்பிளை எலும்புக்கூட்டுக்கு அம்பு விடுகிறாள். நான் சீக்கிரம் பழகிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ சோறு தின்றதும் தினமும் உட்கார்ந்தோம். உம்மாவும் மகனும் எவ்வளவு ஒற்றுமை என்று பக்கத்து வீட்டாள் சொன்னாள்.

எனக்கு வேண்டியது ஒற்றுமை இல்லை என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குகை முடிகிற இடத்தில் நீலக் கல் தெரியும். நீ அதை நோக்கி ஓடுவாய். நான் நின்றுவிடுவேன். சிலநேரம் பின்பக்கமாக நடப்பேன். படம் நகராது. உன் ஆள் திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருப்பான், ஒரு சாண் போக மாட்டான். "உம்மா, வாங்க. சேவ் பண்ணணும்," என்பாய். "கொஞ்சம் இரி. இப்ப என்ன அவசரம்? அண்டைக்கு இரிந்தாய்தானே," என்பேன். பேய்கள் சூழ்ந்துகொள்ளும். நீ என்னையும் காப்பாற்றி உன்னையும் காப்பாற்றி, மருந்து முடிந்து, கண்ணில் நீர் வழிய வழியப் பட்டனை அமத்துவாய். எழும்பிப் போக மாட்டாய். ஜொய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவும் மாட்டாய். இரண்டு பேரும் செத்து விழும்வரை நான் கல்லுக்குக் கிட்ட வர மாட்டேன். அடுத்த நாள் பாய் விரித்து நீயே இரண்டையும் பூட்டி வைத்திருப்பாய்.

இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ வாயைத் திறந்து "ஓம் உம்மா, என்னாலதான்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே அதை நிறுத்தியிருப்பேன். நீ சொல்லவில்லை. வாப்பாவின் பிள்ளை. ஊர் கொடுத்த பொய்யையும் விழுங்காமல், உண்மையையும் துப்பாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே வளர்ந்தாய்.

நாட்டில் சண்டை முடிந்த அந்தப் பின்னேரம் உனக்கு ஞாபகமிருக்கும். மெயின் வீதியில் வெடி கொழுத்தத் தொடங்கினார்கள், ஆட்டோக்களில் கொடி கட்டிக்கொண்டு போனார்கள். முதல் வெடிக்கு நீ தலையைக் குனிந்தாய், துவக்குச் சூட்டுச் சத்தம் என்று. கல்முனைத் தமிழ்ப் பக்கம் கடையெல்லாம் பூட்டு என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் நான் அலுத்து விட்டுக்கொடுத்த நாட்களில் ஒவ்வொரு கல்லாகக் கடந்து நாம் கடைசிக் குகைக்கு வந்திருந்தோம். அன்றைக்கு நான் உனக்குக் குறுக்கே நிற்கவில்லை. உண்மையாகவே அந்த மிருகத்தைக் கொல்ல வேண்டும் என்று எனக்கும் ஒரு வெறி வந்துவிட்டது. அது கையாலும் வாலாலும் அடித்தது. நான் அம்பு விட்டேன், நீ வெட்டினாய். என் ஆள் விழுந்தாள். திரையில் அவள் பேர் சிவப்பாக மாறியது. அந்த விளையாட்டில் ஒருத்தர் விழுந்தாலும் மற்றவர் நின்று முடிக்கலாம். மிருகத்துக்கு உயிர் ஒரு கோடுதான் மிச்சம். உனக்குப் பாதி உயிர் இருந்தது. ரெண்டு வெட்டு வெட்டினால் முடிந்தது.

நீ திரும்பினாய். அவள் கிடந்த இடத்துக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றாய். வாளை எடுக்கவில்லை, மருந்து குடிக்கவில்லை. அது வந்து உன்னை அடித்தது, அடித்தது. நீ பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டாய். நான் கையிலிருந்த ஜொய்ஸ்டிக்கால் உன் முதுகில் ஓங்கிப் போட்டேன். அது உடைந்தது.

"அவ ஒன்ன வெளிய தள்ளினது நீ திரும்பி உள்ளுக்குப் போகவாடா நாயே?"

"தள்ளாம இரிந்திரிக்கலாம்," என்றாய். அவ்வளவுதான். வளர்ந்த பிறகு நீ என்னோடு பேசிய ஒரே உண்மையான பேச்சு அது. அடுத்த நாள் பெட்டியையும் சீடியையும் உரப் பையில் போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டாய். நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காட்சி எனக்கு விளங்கிவிட்டது. அந்த நாள்வரை நான் உன்னை அலட்சியக்காரன் என்று நினைத்திருந்தேன், விளையாட்டுக்காக ராத்தாவைக் கொடுத்தவன் என்று. நீ வேறு ஒருவன். வெல்லக்கூடிய நேரத்தில் திரும்பிப் போய்ப் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சாகிறவன். இப்போதும் அதையேதான் செய்கிறாய். ரிஸ்னாவின் வீட்டுக்கு நிலை வைத்து, கதவு போட்டு, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. நீ வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக மாட்டேன் என்கிறாய். இதற்கு நாணயம் என்று நீ பேர் வைத்திருக்கிறாய். நான் வைத்த பேரை எழுதினால் தாள் அழுக்காகிவிடும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ராத்தா மௌத்தானது உன்னால் இல்லை என்று நான் சொல்ல வேண்டுமாம். மகன், அன்றைக்கு நம் ஒழுங்கையில் எத்தனை பேரைக் கடல் கொண்டுபோனது! அவர்கள் யாரும் எதையும் முடிவுசெய்யவில்லை. சோறு வடித்துக்கொண்டு நின்றவள் போனாள், தொட்டிலில் கிடந்தது போனது. ஸிஹானா அப்படிப் போகவில்லை. அவள் ஒழுங்கைக்கு வந்துவிட்டாள். அவள் கை என் கையில் இருந்தது. தண்ணீரைக் கண்ணால் கண்டாள், கண்டுவிட்டுத்தான் உதறினாள். உன்னால் இல்லை என்று நான் சொன்னால் அவள் எதற்காக உள்ளே போனாள்? அடுப்பில் வைத்ததை இறக்கவா? நீ தூங்குவதற்காக நான் என் பிள்ளையை, தண்ணீர் அடித்துக்கொண்டு போன இன்னொரு பிணமாக்க மாட்டேன். உன்னால்தான். ஓம், உன்னால்தான். நீ எழும்பி வந்திருந்தால் அவள் இன்றைக்கு அந்த வீட்டில் இருந்திருப்பாள், நான் அவளுடைய பின்னறையில் இருந்திருப்பேன். இதை நீ கேட்க விரும்பினாயோ இல்லையோ, உன் உம்மாவின் வாயால் கேட்டுவிட்டாய். இனி ஒருவரிடமும் போய்க் கேட்காதே, ரிஸ்னாவையும் அழவைத்து அனுப்பாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன், இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்தேன். அந்த ஒழுங்கையில் அவள் என்னிடம் உத்தரவு கேட்டு நின்றிருந்தால், நான் அவள் கையை விட்டிருக்க மாட்டேன். உன் குரல் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். இருக்கிறவளை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன், போகிறவனை விட்டுவிட்டு. ஒரு தாய் எழுதக்கூடாததுதான், எழுதிவிட்டேன். நீ வேண்டும் என்று நான் சொல்லவில்லை மகன். அவள் சொன்னாள். அதனால் உன்னை மன்னிக்கவும் உன்னை நிப்பாட்டி வைக்கவும் எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாப்பா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு நிக்காஹ்வுக்குச் சம்மாந்துறைக்குப் போவார். நான் வர மாட்டேன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க என்னால் ஏலாது. நீ போ. உன்னை உயிரோடு வேண்டும் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் கேட்டாள், அவள் கேட்டபடி நட.